வாசலில் கிடந்த பொடிக்கல்

திருவண்ணாமலைக் கோயிலுக்கு வந்து, கிழக்குக் கோபுரத்துப் பக்கம் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போனவரா நீங்கள்? அப்படியானால் ராஜமாணிக்கத்துக்கு உங்களைத் தெரிந்திருக்கலாம். முகம் தெரியாது. செருப்பு தெரியும். கோபுரத்துக்கு எதிர்ச்சாரியில் தகரக் கொட்டகை போட்டு, வருகிறவர்களின் செருப்பை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுப்பது அவர் தொழில். டோக்கனைத் தொலைத்துவிட்டு முழிக்கிறவர்களிடம்கூட, "தோ சார், எடது குதிகால் தேஞ்சிருக்குது பாரு, அது உங்களுதுதான்" என்று எடுத்துப் போடுவார். பௌர்ணமி வந்தால் ராப்பகலாக அங்கேயே கிடப்பார். வீடு என்று ஒன்று இருப்பதே அப்போது அவருக்கு நினைவிருக்காது.

வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது. மலைமேல் மழை அடித்தால் தண்ணீர் சரிந்து வந்து அவர் வாசலைத் தாண்டித்தான் ஓடும். அந்த வீட்டில் அவருடைய சம்சாரம் மணியம்மாள் நாட்டுக்கோழி வளர்த்தாள். கோழிக்கும் ராஜமாணிக்கத்துக்கும் உள்ள சம்பந்தம் குழம்போடு சரி.

"இதுங்களுக்குக் கொட்டற கம்புல எனக்கு ஒரு வேளைக் கூழு காய்ச்சலாம்" என்பார்.

"காய்ச்சித் தரேன். நீங்க முட்டை போடுவீங்களா?" என்பாள் அவள்.

அதற்கு மேல் பேச்சு வளராது. அவர் டிவியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். சண்டை சச்சரவு கிடையாது. அடி உதை கிடையாது. குடியும் கிடையாது. ஊரில் நல்ல மனுஷன் என்றுதான் பேர். அந்தப் பேரை நானும் பிடுங்கப் போவதில்லை.

மணியம்மாளுக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்று தெரிந்தபோது அது நன்றாக வளர்ந்திருந்தது. வலியை முந்தானைக்குள் முடிந்து வைத்துக்கொண்டு எத்தனை நாள் நடமாடினாளோ, மகராசி. வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும், ஆபரேஷன் பண்ண வேண்டும், இதயம் வேறு கொஞ்சம் பலவீனமாக இருக்கிறது, மருந்து கொடுத்து அதைத் தேற்றிய பிறகுதான் கத்தி வைக்க முடியும், எல்லாவற்றுக்கும் தயாராக இருங்கள் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். ராஜமாணிக்கத்துக்குக் கை கால் ஓடவில்லை. மணியம்மாள்தான் துணிமணி எடுத்து வைத்தாள், கூட வரும்படி மகள் கவியாவுக்கு போன் பண்ணினாள், ஊர் எல்லையில் இருக்கிற முனீஸ்வரனுக்கு நேர்ந்துகொண்டாள்.

அப்போது அவளுடைய செவலைக் கோழி அடையில் உட்கார்ந்திருந்தது. "இந்த அடையில பொரிக்கிற சேவக்குஞ்சு ஒண்ணு உனக்குன்னு முனீஸ்வரன்கிட்ட சொல்லிட்டேன்" என்றாள் புருஷனிடம். "அது வளந்து நிக்கச் சொல்ல, நானே என் கையால புடிச்சிக்கினு போயி அவருக்கு விடணும். அதுக்காகவாவது என்னைத் திருப்பி அனுப்பிடுவாரு பாருங்க."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அவள் பிடித்துக்கொண்டிருந்த கொம்பு அது ஒன்றுதான். அது ராஜமாணிக்கத்துக்கும் புரிந்தது.

கார் வந்து நின்ற பிறகும் அவள் பேச்சு கோழியை விட்டு நகரவில்லை. "வெளிய விட்டா பருந்து தூக்கிடும். கீரி வேற சுத்துது. நான் வர்ற வரைக்கும் குஞ்சுங்க உள்ளயே இருக்கட்டும். நொய்யி போடுங்க, அப்புறம் கம்பு போடுங்க. கம்பு திங்க ஆரம்பிச்சா பொடிக்கல்லு போடணும், மறந்துடாதீங்க. வெளிய மேயறது தானே பொறுக்கித் தின்னுக்கும். அடைச்சி வச்சா நாமதான் குடுக்கணும். கோழிக்கு ஏது பல்லு? அந்தக் கல்லுதான் வயித்துல குந்திக்கினு அரைச்சிக் குடுக்கும்."

"சரி சரி, நீ வண்டியில ஏறு மணி" என்றார் அவர்.

எந்தக் கல், எவ்வளவு பொடி, எங்கே எடுப்பது? வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டாரா? அவளும்தான் சொல்லவில்லை. இத்தனை வருஷம் கண்ணெதிரே செய்கிற காரியத்தை எதற்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருப்பாள்.

குஞ்சுகள் பொரித்த அன்று ராஜமாணிக்கம் கொட்டகையைத் திறக்கவில்லை. போனில் படம் பிடித்து வேலூருக்கு அனுப்பினார். படத்தைப் பார்த்து மணியம்மாள் அழுததாகக் கவியா சொன்னாள். அவர் உள் அறையில் சிமெண்ட் தரைமேல் சாக்கை விரித்து, ஒரு பல்பைத் தொங்கவிட்டு, கோழியையும் குஞ்சுகளையும் அங்கேயே வைத்துக்கொண்டார். கோழி என்றாலே எட்டிப் போகிற மனுஷன், அந்த அறையிலேயே பாயைப் போட்டுப் படுத்தார். ஒரு மஞ்சள் குஞ்சு வந்து அவருடைய கால் பெருவிரல் நகத்தைக் கொத்திக் கொத்திப் பார்க்கும். "டேய், அது கம்பு இல்லடா" என்று சொல்லிவிட்டுத் தனியாகச் சிரிப்பார். அந்த வீட்டில் அவர் குரல் அவ்வளவு கேட்டதே அந்த நாட்களில்தான்.

தினமும் சாயங்காலம் அவள் போன் பண்ணுவாள். எத்தனை சேவல், எத்தனை பெட்டை என்று கேட்பாள். இவருக்கு என்ன தெரியும்? கொண்டை துடிப்பாக இருப்பதெல்லாம் சேவல் என்று அடித்து விடுவார். அவளும் நம்பினாளோ நம்பவில்லையோ, "நல்லாப் பாத்துக்கோங்க" என்பாள்.

கம்பு போட ஆரம்பித்த பிறகு குஞ்சுகள் கொஞ்சம் மந்தமாகின. கழுத்துக்குக் கீழே புடைத்த பை காலையிலும் அப்படியே புடைத்திருந்தது. ராஜமாணிக்கத்துக்குப் பொடிக்கல் ஞாபகம் வந்தது. எழுந்து வாசலுக்கு வந்தார்.

வாசலில் கிடந்தது கல். முந்தின வாரம் பெய்த மழை மலையிலிருந்து அரித்து வந்து, படிக்குக் கீழே கோடு போட்டாற்போலச் சேர்த்து வைத்திருந்தது. கம்பு அளவுக்குப் பொடிப்பொடியாக, மண் போகக் கழுவின சுத்தமான கல். அவர் குனிந்து ஒரு பிடி அள்ளவும் அள்ளினார். அள்ளிக்கொண்டு நிமிர்ந்தவருக்கு எதிரே மலை நின்றது.

அங்கேதான் கெட்டது காரியம். அந்த மலையைச் சிவன் என்று கும்பிடுகிற ஊர் அது. அதன் பக்கம் திரும்பி எச்சில் துப்பாத மனிதர் அவர். அதைச் சுற்றி வெறுங்காலோடு நடக்கிறவர்களின் செருப்பைக் காத்துத்தான் சோறு தின்கிறார். அந்த மலையின் கல்லைக் கோழி வயிற்றில் போட்டு அரைக்க விடுவதா? அதுவும் கட்டியவள் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது? இப்போது போய் சாமி கோபத்தைச் சம்பாதிப்பதா? கையில் இருந்ததை அப்படியே கீழே விட்டார். கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அவளுடைய நல்லதுக்காகத்தான் செய்தார். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால்தான் நினைத்தால் வயிறு எரிகிறது.

அன்று கொட்டகையை மூடிவிட்டு வரும்போது, வழியில் வீடு கட்டுகிற இடத்தில் தார்ப்பாய் போட்டு மூடிய மணல் குவியல் ஒன்றைப் பார்த்தார். ஆற்று மணல் எங்கே கிடைக்கிறது இப்போது? எல்லாம் எம் சாண்ட்தான். கல்லை உடைத்துச் செய்கிற மணல், பொடிக்கல் மாதிரியேதான் இருக்கும். வேறு ஏதோ ஊர்க் குவாரிக் கல். சாமி கல் இல்லை. பாவம் ஒன்றும் இல்லை என்று ஒரு பையில் அள்ளிக்கொண்டார். மறுநாள் பூச்சுக்காகக் கொத்தனார் அதில் சிமெண்டைக் கலந்து, தண்ணீர் ஊற்றாமல் மூடி வைத்திருந்தது அவருக்குத் தெரியாது. மணலும் சாம்பல் நிறம், சிமெண்டும் சாம்பல் நிறம். பொழுதும் சாய்ந்திருந்தது.

தட்டில் கொட்டி வைத்ததும் குஞ்சுகள் பாய்ந்து விழுந்து பொறுக்கின. கல்லுக்கு ஏங்கிக் கிடந்தவை அல்லவா? தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தன. ராஜமாணிக்கம் பக்கத்தில் உட்கார்ந்து ரசித்துப் பார்த்தார். அன்று ராத்திரி அவள் போன் பண்ணியபோது, "கல்லு போட்டாச்சு மணி, என்னாமா தின்னுதுங்க தெரியுமா!" என்றார். குரலில் அத்தனை பெருமை.

விடிந்ததும் இரண்டு குஞ்சு செத்துக் கிடந்தது. மற்றவை இறக்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றன. அவர் அலறியடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் காசியம்மாளைக் கூப்பிட்டு வந்தார். அவளும் கோழி வளர்க்கிறவள். செத்த குஞ்சை எடுத்துக் கழுத்துக்குக் கீழே அமுக்கிப் பார்த்தாள்.

"இன்னாண்ணா இது, கல்லாட்டம் கீது? இன்னா போட்டே?"

அவர் தட்டைக் காட்டினார். ராத்திரி தண்ணீர்க் கிண்ணம் சாய்ந்து தட்டு நனைந்திருந்தது. நனைந்த இடத்தில் மணல் இறுகிக் கட்டியாகியிருந்தது. காசியம்மாள் விரலால் தட்டிப் பார்த்தாள். டொக் டொக்கென்றது.

"அட கடவுளே, சிமெண்டுண்ணா இது!"

மற்றவற்றின் வாயில் எண்ணெய் ஊற்றிப் பார்த்தாள், நீவி விட்டுப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்தது. நகத்தைக் கொத்துகிற அந்த மஞ்சள் குஞ்சு கடைசியில் அவர் உள்ளங்கையிலேயே வாயைத் திறந்து திறந்து மூடிவிட்டு அடங்கிப்போனது. செவலைக் கோழி மட்டும் அறைக்குள் கூப்பிட்டுக்கொண்டே சுற்றியது. ராஜமாணிக்கம் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். ஆம்பிளை அழுகிறானே என்று பார்க்க அங்கே யாரும் இல்லை.

இதற்கு நடுவில் போன் வந்தது. "குஞ்சுங்க சத்தத்தை ஒரு வாட்டி கேக்கணும் போலக் கீது. போனைக் கிட்டக் காட்டுங்களேன்" என்றாள் மணியம்மாள்.

"இப்பதான் தூங்குதுங்க. நாளைக்குக் காட்டறேன்" என்றார்.

நாளைக்கு எங்கே போவது? காசியம்மாள் வீட்டுக் கொல்லைக்குப் போனார். அவள் கோழியின் குஞ்சுகள் நடுவே குத்துக்காலிட்டு உட்கார்ந்து போனை நீட்டினார். கீச் கீச் என்ற சத்தத்தை மணியம்மாள் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். "எல்லாம் நல்லாக் கீதுங்க. இனிமே எனக்குப் பயமில்ல" என்றாள். காசியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் அவர் வேலூருக்குப் போனார். வழியெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து, என்ன கேட்டால் என்ன சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனார். மணியம்மாள் இளைத்துக் கறுத்துப் போயிருந்தாள். ஆனால் முகம் தெளிவாக இருந்தது. கவியாவை டீ வாங்கிவர அனுப்பிவிட்டு அவரைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"முனீஸ்வரனுக்கு எதை விடலாம்? சொல்லுங்க."

"அந்த... மஞ்சளாட்டம் ஒண்ணு கீது. அதை விடலாம்."

"செரிக்குதா நல்லா? கல்லு எங்க எடுத்தீங்க?"

ஒத்திகை பார்த்ததெல்லாம் இந்த ஒரு கேள்வியில் சரிந்தது. "வழியில... வீடு கட்றாங்களே, அங்க" என்றார்.

"அங்க எதுக்குப் போனீங்க? அதுல சிமெண்டு கலந்திருப்பாங்களே."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவளுக்கு எல்லாம் தெரிந்துபோனது.

"ஒண்ணுகூடவா இல்ல?"

"மணி, நான் வேணும்னு பண்ணல. மலைக்கல்லை எடுக்கப் பயமா இருந்துச்சு. சாமி கல்லைப் போயி கோழிக்கு... நீ இப்படிக் கிடக்கச் சொல்ல..." என்று அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

அவள் கோபப்பட்டிருந்தால் தேவலை. கத்தியிருந்தாலும் தேவலை. கை நீட்டி அவர் தோளைத் தொட்டாள். "அழாதீங்க. யாருனா பாக்கப் போறாங்க" என்றாள். பிறகு, நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவள் போல மெதுவாகக் கேட்டாள்.

"சாமி கல்லுதான். சாமியே மழையில அனுப்பிச்சி வாசல்ல வைக்குதுன்னுதான் நான் கும்புட்டுட்டு எடுப்பேன். கல்யாணம் ஆயி வந்ததுல இருந்து சாயங்காலத்துல சல்லடையை வச்சிக்கினு வாசல்ல குந்தி சலிப்பேனே. நீங்க அங்கதான் டிவி பாத்துக்கினு இருப்பீங்க. நான் இன்னா பண்றேன்னு நெனச்சிக்கினு இருந்தீங்க?"

பொய் சொல்ல இனி அவரிடம் தெம்பு இல்லை.

"வாசல் கூட்டறேன்னு நெனச்சேன்" என்றார்.

குஞ்சுகள் செத்ததற்கு அழாதவளுக்கு அப்போதுதான் கண்ணீர் வழிந்தது. அதைத் துடைத்துக்கொள்ளாமலே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். டீயோடு கவியா வந்தபோது, "ஆறட்டும், அப்புறம் குடிக்கிறேன்" என்றாள். அப்புறம் குடிக்கவே இல்லை. மறுநாள் காலையில் அவளைத் தள்ளிக்கொண்டு போனபோது ராஜமாணிக்கம் கூடவே ஓடினார். அவள் கவியாவின் கையை அழுத்தினாள். அவரைப் பார்த்துத் தலையை அசைத்தாள். அது சரி என்று அசைத்ததா, வேண்டாம் என்று அசைத்ததா என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

கட்டியை எடுத்துவிட்டார்கள். இதயம்தான் தாங்கவில்லை. அவள் கண் விழிக்கவே இல்லை. டாக்டர்கள் முன்கூட்டியே சொன்னதுதான், யாரையும் குறை சொல்வதற்கில்லை. ராஜமாணிக்கம் தன்னைச் சொல்லிக்கொண்டார். ஒரு சேவக்குஞ்சைக் காப்பாற்றித் தந்திருந்தால் முனீஸ்வரன் அவளை அனுப்பியிருப்பான் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புலம்பினார். விதி என்றார்கள் எல்லோரும். வேறு என்னதான் சொல்வார்கள்?

பதினாறாம் நாள் காரியத்துக்கு முந்தின சாயங்காலம் காசியம்மாள் சமையல் வேலைக்கு ஒத்தாசையாக வந்திருந்தாள். செத்தவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து இலை போட்டுப் படைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். அவர்கள் வந்து தின்றுவிட்டுப் போவார்கள் என்று நம்பிக்கை.

"அண்ணா, அக்காவுக்கு இன்னா இன்னா புடிக்கும் சொல்லு. காலையிலயே ஆரம்பிச்சாதான் ஆவும்" என்று கேட்டாள்.

ராஜமாணிக்கம் யோசிக்கக்கூட இல்லை. "கருவாட்டுக் குழம்பு" என்றார். "வாரத்துல ரெண்டு நாளு அதான் வைப்பா."

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கவியா தலையைத் தூக்கினாள்.

"அது உனக்குப் புடிச்சதுப்பா. அம்மா கருவாட்டைத் தொடவே தொடாது. உனக்கு வச்சிட்டு, அது ரசம் ஊத்திக்கும்."

அவர் மகளைப் பார்த்தார். காசியம்மாளைப் பார்த்தார். "அப்போ அவளுக்கு இன்னாதான் புடிக்கும்?" என்று கேட்டார்.

கவியா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "தேங்கா பன்னு" என்றாள். "உன் கொட்டகைக்குப் பக்கத்துல பேக்கரி கீது இல்ல, அந்தப் பன்னு. காலேஜ் விட்டு வரச் சொல்ல நான் வாங்கியாருவேன். நான் கல்யாணமாயிப் போனதுக்கு அப்புறம் யாரு வாங்கிக் குடுத்தாங்களோ, தெரியல. உங்கிட்ட கேக்கறதுக்கு அதுக்குக் கூச்சம்."

ராஜமாணிக்கம் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். ஆட்டோ பிடித்து டவுனுக்குப் போனார். பேக்கரிக்காரர் அவரைப் பார்த்ததும் கல்லாவை விட்டு இறங்கி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். துக்கம் விசாரித்தார். ஏதாவது வேண்டுமா என்று கேட்டார்.

"தேங்கா பன்னு குடுப்பா. வீட்டுக்கு" என்றார் ராஜமாணிக்கம்.

"இன்னாண்ணா அதிசயமா கீது" என்றார் பேக்கரிக்காரர், பன்னைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே. "இத்தினி வருஷமா பக்கத்துலயே குந்திக்கினு கீற. வீட்டுக்குன்னு நீ வாங்கறது இதான் மொத வாட்டி."